பள்ளி வாசலில் ஒரு ‘போன்ழூர்’

புதிய மொழியைக் கற்போர் பெரும்பாலும் இலக்கணத்திலிருந்து தொடங்குவர். ஆனால், புதிய ஊருக்குக் குடிபெயர்ந்த பெற்றோருக்கு முதலில் தேவைப்படுவது இலக்கணமன்று. பள்ளி வாசலில் மற்றப் பெற்றோருடன் இரண்டு நிமிடம் பேசுவதற்கான சொற்களே.

பேராக் மாநிலத் தமிழர் இதனை நன்கு அறிவர். முன்பு ரப்பர்த் தோட்டங்களில் தமிழே அன்றாட மொழி. லயத்து வீடு, தமிழ்ப்பள்ளி, கோயில் எல்லாம் தோட்டத்திற்குள்ளேயே இருந்தன. பின்னர் ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது; சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. பல குடும்பங்கள் ஈப்போ போன்ற நகரங்களுக்கு இடம்பெயர்ந்தன. அங்கு அண்டை வீட்டார் மலாய்க்காரராகவோ கண்டனீஸ் பேசும் சீனராகவோ இருந்தனர். “சூடா மாக்கான்?” என்றும் “செக் ஜோ ஃபான் மே?” என்றும் அவர்கள் கேட்டது நம்முடைய “சாப்பிட்டாச்சா?” என்பதுதான். அது பசியைப் பற்றிய கேள்வியன்று; நட்பின் அடையாளம்.

இதே அனுபவம் பிரான்சு நாட்டுத் தமிழருக்கும் உண்டு. புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால், அங்கிருந்து சென்ற பலருக்குப் பிரெஞ்சு மொழி முன்பே பழக்கமாகியிருந்தது. ஆனால், 1983ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பிறகு இலங்கையிலிருந்து சென்றோருள் பெரும்பாலோருக்கு அது முற்றிலும் புதிய மொழி. பாரிசு நகரின் லா ஷாப்பெல் பகுதியில் கடைத்தெருவில் தமிழிலேயே காரியம் முடித்துவிடலாம். பள்ளி வாசலில் அது இயலாது.

அங்குப் பேச்சு எப்படித் தொடங்குகிறது? பின்வரும் உரையாடலைக் காண்க.

“போன்ழூர்! சா வா?” (வணக்கம்! நலமா?)
“சா வா, மெர்சி. எ வூ?” (நலம், நன்றி. நீங்கள்?)
“சா வா. இல் ஃபே ஃப்ருவா!” (நலம். குளிராக இருக்கிறது!)
“வி, த்ரே ஃப்ருவா. அ தமேன்!” (ஆமாம், மிகவும் குளிர். நாளை பார்ப்போம்!)

‘சா’, ‘வா’ என்பவற்றிற்குத் தமிழில் உள்ள பொருளை எண்ணினால் சிரிப்பு வரும்! பிரெஞ்சில் கேள்வியும் அதுவே, விடையும் அதுவே. குரலின் ஏற்ற இறக்கமே வேறுபாடு. “எ வூ?” என்று திருப்பிக் கேட்பது முக்கியம். அதைக் கேட்காவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

தமிழருக்கு எளிதில் விளங்கும் ஒன்று, மரியாதைச் சொல். நமக்கு ‘நீ’, ‘நீங்கள்’ இருப்பதுபோல் அவர்களுக்கு ‘த்யூ’, ‘வூ’ உள்ளன. புதியவரிடம் ‘வூ’ என்றே பேச வேண்டும். பழகிய பின் “நாம் ‘த்யூ’ என்று பேசிக்கொள்ளலாமா?” என்று ஒருவர் கேட்பதுண்டு. மேலும், ‘போன்ழூர்’ சொல்லாமல் நேராகக் கேள்வி கேட்பது அங்கு மரியாதைக் குறைவாகும். கடைக்காரரிடமும் வணக்கம் சொன்ன பிறகே விலையைக் கேட்க வேண்டும். அறிமுகமான உடனே சம்பளத்தை விசாரிப்பதும் தவிர்க்கத்தக்கது.

இதனை வெறும் அரட்டை என்று ஒதுக்கிவிட முடியாது. நாளை ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள், சுற்றுலாவுக்கு உணவு கட்டிக் கொடுக்க வேண்டும் போன்ற செய்திகள் பள்ளி வாசலில்தான் காதில் விழுகின்றன. பேசத் தெரியாத பெற்றோர் ஓரமாக நிற்க நேரிடுகிறது. ஆசிரியரைச் சந்திக்கும்போது பிள்ளையே மொழிபெயர்ப்பாளராகிறான். தன்னைப் பற்றிய குறையைத் தானே மொழிபெயர்க்கும் நிலையில், அவன் அதை முழுமையாகச் சொல்வான் என்று எதிர்பார்க்க முடியுமா? அதைவிடப் பெரிய பாதிப்பு, வீட்டில் பெரியவர் யார், சிறியவர் யார் என்பதே தலைகீழாகிவிடுவதாகும்.

இதனை உணர்ந்த பிரெஞ்சு அரசு, 2008ஆம் ஆண்டில் குடியேறிய பெற்றோருக்கான ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளிலேயே பெற்றோருக்கு இலவசமாகப் பிரெஞ்சு மொழி கற்பிக்கப்படுகிறது. பள்ளி எவ்வாறு இயங்குகிறது என்பதும் அங்கு விளக்கப்படுகிறது.

வகுப்பில் கற்றது வாயில் பழக வேண்டும். நாள்தோறும் ஒரே நபரிடம் ஒரே வாக்கியத்தைச் சொன்னாலும் பயன் உண்டு. மறுநாள் வானிலையைப் பற்றி ஒன்று, அதற்கடுத்த நாள் பிள்ளையின் வகுப்பைப் பற்றி ஒன்று எனக் கூட்டிக்கொண்டே போகலாம். உச்சரிப்பு பிழையானால் கேட்பவர் திருத்துவார்; திருத்தும்போதே நட்பும் வளரும். ‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்பது நம் பழமொழி. அது பெற்றோருக்கும் பொருந்தும்.

சிந்தித்து விடையளி

1. “சாப்பிட்டாச்சா?” என்பது நட்பின் அடையாளம் எனக் கூறப்படுவது ஏன்?
2. ‘த்யூ’, ‘வூ’ ஆகியவற்றின் பயன்பாட்டைத் தமிழுடன் ஒப்பிடுக.
3. பிள்ளையே மொழிபெயர்ப்பாளராவதால் குடும்பத்தில் ஏற்படும் விளைவுகள் யாவை?
4. உன் வட்டாரத்தில் வேற்றுமொழி பேசும் அண்டை வீட்டாருடன் பேச்சைத் தொடங்க உதவும் மூன்று வாக்கியங்களைத் தொகுத்திடுக.