பாதி நாள் யானைமலைக்கு

விடுமுறைக்கு மதுரை வரும் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் கையில் ஒரு பட்டியலோடுதான் இறங்குவார்கள். மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மகால், திருப்பரங்குன்றம், அழகர்கோயில், கீழடி, எல்லாமே ஒரே நாளில் முடிந்துவிட வேண்டும். கே.கே. நகரில் வீடு என்பதால் அவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றும் பொறுப்பு என்னிடம் வரும். இப்போதெல்லாம் பட்டியலை வாங்கி மடித்து வைத்துவிட்டு, நகரத்துக்குக் கிழக்கே மட்டும் ஒரு நாள் என்று சொல்லிவிடுகிறேன். அதிலும் பாதி நாள் யானைமலைக்கு.

கே.கே. நகர் ஆர்ச்சிலிருந்து கிளம்பி, மாட்டுத்தாவணி தாண்டி, மேலூர் ரோட்டில் போனால் ஒத்தக்கடை. அங்கே பிரியும் சாலை நரசிங்கம் ஊருக்குள் போகிறது. வெயில் ஏறுவதற்கு முன்பே அடிவாரத்தில் இருந்துவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் அந்தப் பாறையில் கை வைக்க முடியாது; வயதானவர்களும் குழந்தைகளும் சுருண்டுவிடுவார்கள். அதனால் முதலில் மேலே ஏறி சமணச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு, பிறகு இறங்கிவந்து அடிவாரத்துப் பெருமாள் கோயிலுக்குப் போவதுதான் சரியான வரிசை. தண்ணீர், தொப்பி, பிடிமானமுள்ள செருப்பு, ஒரு டார்ச் லைட் இவை போதும்.

மேலே பாறை முகப்பில் மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகா இயக்கி என்று வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வேலை. நின்று ஒரு போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பினால் பாதிகூடப் பார்த்ததாகாது. கிட்டே போய், தொடாமல், மெதுவாகப் பாருங்கள். பாறைமேல் சுண்ணாம்பு பூசி வண்ணம் தீட்டிய தடம் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். அதன் கீழே வட்டெழுத்துகள்.

"மாமா, இது தமிழா?" என்று அக்கா மகன் கேட்டான்.

"தமிழேதான்டா. எழுத்துதான் வேற."

அந்தக் கல்வெட்டுகளில் ஒன்று, அச்சணந்தி என்ற சமணத் துறவி செய்வித்த திருமேனி நரசிங்கமங்கலத்துச் சபையாரின் பாதுகாப்பில் இருப்பதாகச் சொல்கிறது. அடிவாரத்தில் பெருமாளைக் கும்பிட்ட ஊர்ச்சபை, மேலே இருக்கும் தீர்த்தங்கரருக்குக் காவல் ஏற்றிருக்கிறது. மதுரையைச் சுற்றிக்காட்ட எனக்கு ஒரே ஒரு இடம்தான் கொடுப்பார்கள் என்றால் இந்தக் கல்வெட்டுக்கு முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்துவேன்.

கல்வெட்டு படிக்கத் தெரியாவிட்டாலும் எழுத்தைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. டார்ச்சை நேராக அடிக்காமல், பாறையை ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தானாக எழுந்து நிற்கும். நிழலான மூலைகளில் இது இன்னும் நன்றாகத் தெரியும். சாக்பீஸ் தேய்ப்பது, தண்ணீர் ஊற்றுவது, விபூதி பூசுவது, இவை எதுவும் கூடவே கூடாது. பேரைக் கீறி வைத்துவிட்டுப் போனவர்களின் வேலையைப் பல குன்றுகளில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கீழே யோக நரசிங்கப் பெருமாள் கோயில். கருவறையே மலையைக் குடைந்தது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி இதைக் குடைவித்தார். குடமுழுக்குக்கு முன்பே அவர் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்துப் பணியை முடித்துவைத்தார். இதையும் அங்குள்ள கல்வெட்டுகளே சொல்கின்றன, வடமொழியில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக. பிரதோஷ நாளில் கூட்டம் நெரியும். சாமி கும்பிட அந்த நாள் விசேஷம்தான். நிதானமாகப் பார்க்க வேறு நாளில் வாருங்கள். கொஞ்ச தூரத்தில் லாடன் கோயில் என்ற சின்னக் குடைவரை. முருகனும் தெய்வானையும் சேர்ந்து அமர்ந்திருக்கிறார்கள். கம்பிக்கதவு பூட்டியிருந்தால் வெளியிலிருந்தே பார்க்கலாம்.

பதினொரு மணிக்குள் திருமோகூர் போய்விட வேண்டும், மதியம் நடை சாத்திவிடுவார்கள். 108 திவ்விய தேசங்களில் ஒன்றான காளமேகப் பெருமாள் கோயில் அது. சக்கரத்தாழ்வார் சன்னதியில் பின்பக்கமும் போய்ப் பாருங்கள், அங்கே யோக நரசிம்மர் இருக்கிறார். நடை சாத்தும் வெயில் நேரத்தில் ஊர் சுற்றிப் பயனில்லை. நாங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிடுவோம்.

மூன்று மணி வாக்கில் ரிங் ரோடு பிடித்து விரகனூர், சிலைமான் வழியாகக் கீழடி. அருங்காட்சியகம் 2023 மார்ச் 5ஆம் தேதி திறக்கப்பட்டது. செட்டிநாட்டுப் பாணியில் முற்றமும் தூண்களுமாகக் கட்டியிருக்கிறார்கள். விடுமுறை நாள் எது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். உள்ளே எல்லாக் கூடத்துக்கும் ஓட வேண்டாம். பெயர் கீறிய பானை ஓடுகள், தாயக்கட்டைகள், உறைகிணறு இந்த மூன்றுக்கும் நேரம் கொடுத்தால் போதும். காலையில் பார்த்த வட்டெழுத்துக்குப் பல நூற்றாண்டு முந்தைய தமிழி எழுத்து அந்த ஓடுகளில் இருக்கிறது. இங்கே 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 580 என்று 2019இல் அறிவித்தார்கள். பெரியவர்கள் அந்த ஆண்டுக்கணக்கைக் கேட்டு அசந்து நிற்க, பிள்ளைகள் தாயக்கட்டையைப் பார்த்து, "அப்பவே விளையாடியிருக்காங்களா?" என்று கேட்பார்கள். அவர்களை அங்கேயே விட்டுவிடுங்கள்.

இன்னொரு நாள் கிடைத்தால் அரிட்டாபட்டி. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022இல் அறிவிக்கப்பட்ட ஊர். அங்கே டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றதும் சுற்றுவட்டார மக்கள் மொத்தமாகத் திரண்டார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்துசெய்தது. ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். குடைவரையும் சமணர் படுகையும் எங்கே என்பதோடு, எந்தச் சுனை எப்போது நிரம்பும் என்றும் சொல்வார்கள். மீனாட்சியம்மன் கோயிலைத் தனியாக ஒரு மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். செல்போன் உள்ளே கொண்டுபோக அனுமதியில்லை. வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.