அடிபட்ட விலங்கைத் தேடும் நாய்: ஜெர்மானியப் பயிற்சி முறை

ஜெர்மனியில் மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, மேய்ச்சல் புல்வெளி ஆகியவற்றுக்குக் காட்டுப்பன்றிகள் பெருஞ்சேதம் விளைவிக்கின்றன. விவசாயிக்குரிய நட்டஈட்டைப் பெரும்பாலும் அப்பகுதியின் வேட்டை உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவரே கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே, தேர்வு எழுதி உரிமம் பெற்றவர்கள் பன்றி, மான்களைச் சுட்டு அவற்றின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கின்றனர்.

சுடப்படும் விலங்கு எல்லாம் நின்ற இடத்திலேயே விழுந்துவிடுவதில்லை. குண்டடி பட்டுப் புதருக்குள் ஓடி, மணிக்கணக்கில் துடிப்பதும் உண்டு. அவ்வாறு வீணே வதைபட விடாமல், காயமுற்ற விலங்கைத் தாமதமின்றி முடித்துவிட வேண்டும் என்பது அந்நாட்டு வேட்டைச் சட்டத்தின் விதி. இப்பணியில் நாயின் மூக்குக்கு ஈடான கருவி இல்லை.

ஏற்ற இனங்கள்

இதற்கென்றே வளர்க்கப்படுவது ஹனோவர் மோப்ப நாய். ஆயினும் வேட்டைக்காரர் பலர் பல வேலைக்கும் உதவும் டிராட்ஹார் எனப்படும் கம்பிமயிர் நாயையோ, குர்ட்ஸ்ஹார் எனப்படும் குறுமயிர் நாயையோ வைத்துள்ளனர். இவை பறவை இருக்குமிடத்தைக் காட்டும். நீரில் விழுந்த வாத்தை எடுத்து வரும். இரத்தத் தடத்தையும் தொடரும். ஆனால், பறவை தேடுகையில் பாய்ந்தோடும் நாய், தடம் பார்க்கையில் மூக்கைத் தரையில் வைத்து மெல்ல நடக்க வேண்டும். இந்த நிதானத்தைப் பழக்குவதே பயிற்சியின் சாரம்.

நாய் முகர்வது இரத்தத்தை மட்டுமன்று. மிதிபட்ட மண், நசுங்கிய புல், குளம்பிடைச் சுரப்பியின் வாடை ஆகிய அனைத்தும் சேர்ந்ததே தடம். அதனால்தான், இரத்தச் சொட்டு நின்ற பின்னரும் தேர்ந்த நாய் தொடர்ந்து செல்கிறது.

பயிற்சிப் படிகள்

1. குட்டிக்கு எட்டு, பத்து வாரம் ஆனதும், ஈரல் அல்லது இரைப்பைத் துண்டைக் கயிற்றில் கட்டிச் சில மீட்டர் தூரம் தரையில் இழுத்து, முடிவில் தீனித் தட்டை வைக்க வேண்டும்.

2. சில மாதங்கள் கழித்து இரத்தத் தடம் போடலாம். இரத்தத்தைச் சிறு புட்டிகளில் உறைய வைத்து, வேண்டும்போது இளக்கிக்கொள்வது வழக்கம். கம்பின் நுனியில் பஞ்சைக் கட்டி, இரத்தத்தில் தோய்த்து, தரையில் ஒற்றிக்கொண்டே செல்ல வேண்டும். முதலில் 100 மீட்டர் நேர்க்கோடு போதும்.

3. நாய் தேறத் தேற நீளத்தையும், திருப்பங்களையும், தடத்தின் வயதையும் கூட்டலாம். மூன்றையும் ஒரே நாளில் கூட்டக் கூடாது. வாரம் ஒரு தடம் போதும். மிஞ்சினால் நாய் சலித்துவிடும்.

4. அகலமான கழுத்துப்பட்டையும் நீண்ட வாரும் இவ்வேலைக்கு மட்டுமே பயன்பட வேண்டும். பட்டை ஏறியதும் என்ன வேலை என்பது நாய்க்குப் புரிந்துவிடும்.

5. முடிவில் விலங்கின் தோலைப் போட்டு, அங்கேயே தீனி தந்து பாராட்ட வேண்டும்.

பயிற்சியாளர் தடத்தைக் காகிதத் துண்டுகளால் அடையாளமிட்டுக்கொள்வது நல்லது. நாய் வழி தவறினால் அதட்டவோ வாரைச் சுண்டவோ கூடாது. அசையாமல் நின்றால் போதும். நாய் தானே சுற்றிவந்து தடத்தைப் பிடிக்கப் பார்க்கும். முடியாதபோது, கடைசியாகச் சரியாக இருந்த இடத்துக்கு அழைத்து வந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

ஆள் நடந்த வாடையையே நாய் பின்பற்றக் கூடும் என்பதால், விலங்கின் குளம்பை அடியில் பொருத்திய காலணியை அணிந்தும் தடம் போடுகின்றனர்.

உண்மைத் தேடலில்

சுட்ட இடத்தை முதலில் அடையாளமிட்டு, ஆராய வேண்டும். நுரைத்த இளஞ்சிவப்பு இரத்தம் நுரையீரல் காயத்தையும், கருஞ்சிவப்பு ஈரல் காயத்தையும், பசுமை கலந்த கசிவு குடல் காயத்தையும் காட்டும். குடலில் அடிபட்டிருந்தால் சில மணி நேரம் பொறுத்தே நாயை விட வேண்டும். உடனே துரத்தினால், படுத்த விலங்கு எழுந்து வெகுதூரம் ஓடிவிடும்; அதன் வேதனையும் நீளும்.

தேர்வு

பன்முக வேட்டை நாய்க்கான பெருந்தேர்வில் 400 மீட்டருக்குக் குறையாத தடத்தைக் கால் லிட்டருக்கு மிகாத இரத்தத்தால் போடுகின்றனர். ஓர் இரவு கடந்த தடத்தையும் நாய் வாரில் கட்டப்பட்டபடியே முடிக்க வேண்டும்.

எச்சரிக்கை

காட்டுப்பன்றியின் பச்சை இறைச்சியையோ குடலையோ நாய்க்குத் தரக் கூடாது. அவற்றில் அவுஜெஸ்கி நோய்க் கிருமி இருந்தால் நாய் இறந்துவிடும், மருந்து கிடையாது.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நாயைத் தாக்குவதில்லை. எனினும், நாயின் மயிரிலும் ஆளின் காலணியிலும் ஒட்டிய இரத்தம் வழியாக அது பன்றிப் பண்ணைக்குள் நுழையலாம். 2020 செப்டம்பரில் ஜெர்மனியில் இந்நோய் தென்பட்ட பின், செத்த பன்றிகளைத் தொடாமல் கண்டுபிடித்துக் காட்டும் நாய்களும் பழக்கப்பட்டன. பிணம் விரைவில் அகற்றப்பட்டால் நோய் பரவுவது குறையும்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாடுவது குற்றம். நாயை ஏவித் துரத்துவதும் அதில் அடங்கும். ஆனால் பன்றிக் காய்ச்சல் நமக்கும் அயலானதன்று. 2023 ஜனவரியில் முதுமலையில் இறந்த காட்டுப்பன்றிகளில் இந்நோய் உறுதி செய்யப்பட்டது. காட்டோரத்தில் பன்றி வளர்ப்போர், செத்த காட்டுப்பன்றியைக் கண்டால் தொடாமல், நாயையும் அண்டவிடாமல், வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் உடனே தெரிவித்தல் வேண்டும்.