முதலில் மனசு, அப்புறம் மைக்!

1984 சட்டமன்றத் தேர்தலில் நம்ம ஆண்டிபட்டி வேட்பாளர் எம்.ஜி.ஆர். தொகுதிப் பக்கமே வரவில்லை. நியூயார்க் புரூக்ளின் மருத்துவமனையில் சிகிச்சை. "தலைவர் நல்லா இருக்காரா?" என்பதே மக்கள் மனசில் இருந்த கேள்வி. மேடைப்பேச்சு அதற்குப் பதிலாகுமா? மருத்துவமனையில் எடுத்த படத்தை ஊர் ஊராகத் திரையிட்டார்கள். கவலை தீர்ந்தது. வராமலே ஜெயித்தார்.

நம்ம செமினாருக்கும், நாளைய இன்டர்வியூவுக்கும் இதே பாடம்தான். கேட்பவர் மனசில் உள்ளதை முதலில் தொடணும். வைகை அணை தலைப்பா? 1959, 71 அடி என்று ஆரம்பித்தால் கடைசி பெஞ்ச் தூங்கிவிடும். "தண்ணி 66 அடி வந்ததுமே கரையோர மக்களை ஏன் எச்சரிக்கிறாங்க?" என்று கேட்டுப் பாருங்கள், நிமிர்ந்து உட்காருவார்கள். பிறகு மதகு, கொள்ளளவு எல்லாம் தானாக உள்ளே போகும்!