தட்டம்மைப் பருவம்: கர்ப்பிணிகள் 6 நாளை எண்ணுங்கள்

பொங்கல் முடிந்தது. திருவள்ளூர் மாவட்டச் சூளைகளில் செங்கல் அறுப்பு மும்முரம். ஒடிசாக் குடும்பங்கள் கைக்குழந்தைகளோடு வந்து இறங்கியாயிற்று. கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றிய லைன் வீடுகளிலும் நெரிசல்தான். தட்டம்மைக்குத் தோதான காலம்.

வழக்கமான வேலைகள்: 9 மாதத்தில் ஒரு எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) தடுப்பூசி, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. அட்டை தொலைந்திருந்தால் மறுபடி போடலாம், கெடுதல் இல்லை. புதிதாக வந்த கர்ப்பிணிகள், குழந்தைகள் பட்டியலை மேஸ்திரிகள் கிராம சுகாதார செவிலியரிடம் கொடுக்கவும். கர்ப்பிணிக்கு இந்த ஊசி கிடையாது. கர்ப்பத்துக்கு ஒரு மாதம் முன்பே முடித்திருக்க வேண்டும்.

இனி சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். பரு (சிவந்த தடிப்பு) தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்தே தட்டம்மை தொற்றும். நோயாளி எழுந்து போன பிறகும் 2 மணி நேரம் வரை அறைக் காற்றில் கிருமி இருக்கும். ஊசியும் போடாமல், முன்பு தட்டம்மையும் வராத கர்ப்பிணி அங்கே இருந்திருந்தால், 6 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்புச் சக்தி மருந்து) கொடுத்தாக வேண்டும். 6 நாள் என்பது கர்ப்பிணிக்குப் பரு வந்த நாளிலிருந்து அல்ல, நோயாளியோடு இருந்த நாளிலிருந்து! பரு வெளிவர இரண்டு வாரம்கூட ஆகும். "வரட்டும், பார்ப்போம்" என்று உட்கார்ந்திருந்தால் அந்த மருந்தால் பயனில்லை. எத்தனை தரம் சொல்வது?

வாசலில் வேப்பிலை கட்டுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் மூன்று தண்ணீர் ஊற்றும்வரை ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக்கூடாது என்று மூச்சு வாங்கும் கர்ப்பிணியைப் பூட்டி வைப்பது பக்தியல்ல. லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் 1988 முதல் 1991 வரை தட்டம்மை கண்ட 58 கர்ப்பிணிகளில் 2 பேர் இறந்தார்கள். 5 பேருக்குக் கரு கலைந்தது, 13 பேருக்குக் குறைப்பிரசவம். அநேகமாக எல்லாம் பரு வந்த 14 நாளுக்குள்.

அடையாளம்: காய்ச்சல், இருமல், கண் சிவப்பு. கன்னத்தின் உட்புறம் உப்புத்தூள் சிதறினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். பிறகு காதோரம் தொடங்கி முகம், மார்பு என்று சிவந்த தடிப்பு இறங்கும். நீர்க் கொப்புளமானால் சின்னம்மை. கர்ப்பிணி அதற்கும் வரவேண்டும்.

தாயின் எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் பிள்ளைக்குப் போகிறது. ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளைக்கு அது மிகக் குறைவு. தட்டம்மை தொற்றினால் நிமோனியா, சில ஆண்டுகள் கழித்து மூளை பாதிப்பு என்று போகலாம். பிரசவ நேரத்தில் தாய்க்குத் தட்டம்மை என்றால் பிள்ளைக்கும் உடனே இம்யூனோகுளோபுலின் வேண்டும். வீட்டில் பிரசவம் பார்த்துவிட்டு ஒளித்து வைக்காதீர்கள்.

ஆஸ்பத்திரிக்கு வருமுன் செவிலியருக்குப் போன் செய்யுங்கள். 108 வண்டியில் ஏறும்போதே "அம்மை" என்று சொல்லிவிடுங்கள். முகக்கவசம் போட்டு வாருங்கள். மற்ற கர்ப்பிணிகள் காத்திருக்கும் பெஞ்சில் மட்டும் உட்காராதீர்கள்.