தாத்தாவின் அவரைப் பந்தல் தரும் பாடங்கள்

நம் பிள்ளைகளுக்கு டியூஷன் உண்டு, பாட்டு வகுப்பு உண்டு. ஆனால் சம்பளம் வாங்காத ஆசிரியர் ஒருவர் வீட்டிலேயே இருக்கிறார் என்பதை மறந்துபோகிறோம். எங்கள் கொல்லையில் என் மகனும் அவன் தாத்தாவும் தோட்டம் போடுகிறார்கள். அங்கே நான் கண்ட மூன்று பாடங்களைச் சிந்திப்போம்.

1. காத்திருத்தல்

முளைக்கீரையை ஒரு மாதத்துக்குள் பறித்துவிடலாம். நாட்டுக் கொடி அவரை அப்படியல்ல. ஆடியில் ஊன்றினாலும், பகல்பொழுது குறுகிய பிறகே பூக்கும். "இவ்வளவு தண்ணி ஊத்துறேன், ஏன் தாத்தா இன்னும் பூக்கல?" என்றான். "அதுக்குன்னு ஒரு காலம் இருக்குடா. நீ அவசரப்பட்டா அது அவசரப்படுமா?" என்றார். மாதக்கணக்காய்க் காத்திருக்கப் பழகிய பிள்ளை, கேட்டது உடனே கிடைக்காவிட்டால் சோர்ந்துபோகாது.

2. உற்றுக் கவனித்தல்

பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் குட்டிக்காய் ஒட்டியிருக்கும். மழைநாளில் தேனீ வராவிட்டால், தாத்தா காலையிலேயே ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தொட்டுவைப்பார். தாமதித்தால் பூ கூம்பிவிடும். அவருக்குக் குனிய முடியாது, கண்ணும் மங்கல். ஆகவே பேரன் பூவைத் தேடுகிறான், அவர் சொல்லிக்கொடுக்கிறார். ஒருவருக்கு ஒருவர் தேவை என்பதை இருவருமே கற்றுக்கொள்கிறார்கள்.

3. விதைக்கு விடுதல்

இதுவே பெரிய பாடம். நோயில்லாத கொடியில் நன்றாய்த் திரண்ட காய்களுக்குத் தாத்தா நூல் கட்டிவிடுவார். "இதைத் தொடாதே, இது விதைக்கு" என்பார். கொடியிலேயே முற்றிக் காய்ந்தபின் உரித்து, சாம்பலில் புரட்டி, அடுத்த ஆடிக்கு எடுத்துவைப்பார். கவனியுங்கள்! மிஞ்சினதை அல்ல, நல்லதையே ஒதுக்கினார். இன்றைக்கு ஆசையாய் இருப்பதை நாளைக்காக விட்டுவைக்க, எந்தப் பள்ளிக்கூடம் இவ்வளவு தெளிவாய்க் கற்றுக்கொடுக்கும்?

பிரியமான பெற்றோரே, எந்தக் காயை விதைக்கு விடவேண்டும் என்று தாத்தா எங்கேயும் எழுதிவைக்கவில்லை. அது அவர் கையிலும் கண்ணிலும் இருக்கிறது. அவரோடு நின்று பார்க்கிற பிள்ளைக்கே அந்தச் சுதந்தரம் கிடைக்கும். பாட்டியின் விதைக் கலயம் காலியாகிவிட்டால், காசு கொடுத்தாலும் அதே விதை திரும்ப வராது.

கொல்லை இல்லையா? மாடியில் அடியில் துளையிட்ட ஓர் உடைந்த வாளி போதும். வருகிற ஆடியில் பேரப்பிள்ளையின் கையிலிருந்து கைப்பேசியை வாங்கிவிட்டு, நாலு அவரை விதையைக் கொடுங்கள். பக்கத்தில் தாத்தாவுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.