ஓசூர் பேஸ் கிட்டார்காரருக்கு: கனத்த ஆம்பா, இளைத்த ஆம்பா?

பேஸ் ஆம்ப் வாங்கக் கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் மூன்று கேள்விக்கு விடை எழுதுங்கள். அது எங்கெங்கே போகும், எதில் ஏறிப் போகும், அங்கே யார் தூக்குவார்கள்? வாட் கணக்கெல்லாம் அப்புறம்.

ஓசூரில் இருந்து வாசிப்பவருக்குப் பெரும்பாலும் மூன்று வகை மேடை அமையும். ஞாயிறு ஆராதனை ஒன்று. சூளகிரி, ராயக்கோட்டை, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் மெல்லிசைக் கச்சேரி இன்னொன்று. அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூரு பப். தேவாலயத்தில் ஆம்ப் ஒரே மூலையில் வருஷக்கணக்கில் கிடக்கும். மற்ற இரண்டுக்கும் அது உங்களோடு அலைய வேண்டும். பாதி முடிவு இங்கேயே வந்துவிடுகிறது. கிடக்கிற ஆம்ப் கனமாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அலைகிற ஆம்ப் கனமாக இருந்தால், கச்சேரிப் பணத்தில் ஒரு பங்கு குட்டி யானை வாடகைக்குப் போகும்.

அடுத்து, கனம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடிதான் கனத்த பழைய பாணியின் அடையாளம்: 14 வால்வு, 300 வாட். ஸ்பீக்கர் சேராத ஆம்ப் பெட்டியான ஹெட் மட்டும் 35 கிலோவுக்கு மேல். அதற்கு ஜோடியாகப் பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு உள்ள கேபினெட் இன்னொரு 60 கிலோ சொச்சம். ஹெட்டின் எடையில் பெரும்பங்கு டிரான்ஸ்பார்மர்களின் இரும்பும் செம்பும். கரண்ட் நொடிக்கு 100 முறைதான் திசை மாறுகிறது. அவ்வளவு மெதுவான கரண்டைக் கையாளப் பெரிய இரும்புக் கரு வேண்டும். அதே கரண்டை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டிக் கொடுத்தால் உள்ளங்கை அளவு டிரான்ஸ்பார்மரே போதும். ஸ்விட்ச் மோடு பவர் சப்ளை செய்வது இதைத்தான். நம் குருபரப்பள்ளியில் ஆலை வைத்திருக்கும் டெல்டா எலக்ட்ரானிக்ஸ் உலக அளவில் பெயர் வாங்கியதே இந்தச் சரக்கில்தான். இதோடு, சூடாக வீணாகும் மின்சாரத்தைக் குறைக்கும் கிளாஸ் டி சர்க்யூட்டும் சேர்ந்ததால், 500 வாட் ஹெட் தோள்பையில் அடங்குகிறது.

ஹெட் இப்படி இளைத்துவிட்டது. கேபினெட்டும் அதேபோல் இளைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். ஃபெரைட் காந்தத்துக்குப் பதில் நியோடிமியம் போட்டு, பலகையையும் லேசாக்கிச் சில கிலோ குறைக்கலாம். அதற்கு மேல் இயற்பியல் விடாது. பெட்டி சிறிதாக இருப்பது, அடி ஸ்வரம் இறங்குவது, சத்தம் பெரிதாக வருவது ஆகிய மூன்றில் எந்த இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம், மூன்றும் சேர்ந்து கிடைக்காது. ஸ்பீக்கர் செய்பவர்கள் இதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள். நான்கு கம்பி பேஸின் அடிக்கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். ஐந்து கம்பி என்றால் 31. ஷூ டப்பா அளவுப் பெட்டி அந்த இடத்தில் மேல் ஸ்தாயியை மட்டும் காட்டி ஒப்பேற்றும். ஆகவே காசை ஹெட்டில் மிச்சம் பிடித்துக் கேபினெட்டில் போடுங்கள். 97 டெசிபல் சென்சிடிவிட்டி உள்ள பெட்டிக்கு 500 வாட் கொடுத்து வரும் சத்தம், 100 டெசிபல் பெட்டியில் 250 வாட்டிலேயே வந்துவிடும். விளம்பரத்தில் வாட் கொட்டை எழுத்தில் இருக்கும்; இந்த டெசிபல் எண் எங்கோ மூலையில் இருக்கும். தேடிப் படியுங்கள்.

ஓம் கணக்கையும் இப்போதே முடித்துவிடுங்கள். 500 வாட் என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் 4 ஓமில். ஃபெண்டர் ரம்பிள் 500 காம்போவை எடுத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் இரண்டு பத்து அங்குல ஸ்பீக்கருக்கு 350 வாட்தான் போகும். வெளியே இன்னொரு 8 ஓம் பெட்டி மாட்டினால்தான் 500. அப்படியும் காம்போவின் எடை 17 கிலோவுக்குள். 8 ஓம் பெட்டிகள் இரண்டு சேர்ந்தால் 4 ஓம். ஹெட்டில் எழுதிய குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாதீர்கள். வால்வு ஆம்பை ஸ்பீக்கர் மாட்டாமல் ஆன் செய்யவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் புகைந்துவிடும்.

நம் பக்கத்துக்கென்று தனியாக யோசிக்க வேண்டியது கரண்ட். திருவிழா மேடையில் ஜெனரேட்டர், அதிலேயே சீரியல் லைட், அதிலேயே பேன். வோல்டேஜ் இறங்கினால் பழைய டிரான்ஸ்பார்மர் ஆம்ப் கொஞ்சம் தொய்ந்து வாசிக்கும். ஸ்விட்ச் மோடு ஆம்ப் ஓரளவு வரை அசராது, பிறகு பாட்டு நடுவிலேயே சட்டென்று வாயை மூடிக்கொள்ளும். வோல்டேஜ் திடீரென்று எகிறினால் முதலில் அடிபடுவதும் அதுதான். சவுண்ட் செட் அண்ணனிடம் லைட் லைனில் சேராத தனி இணைப்பு கேளுங்கள். சர்ஜ் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றைப் பையிலேயே வைத்திருங்கள். இரைச்சல் வருகிறது என்று எர்த் பின்னைக் கழற்ற யாராவது வந்தால் விடாதீர்கள். கம்பியில் கையும் மைக்கில் உதடுமாக நிற்பது நீங்கள்தான்.

அமெரிக்காவில் இருக்கும் மச்சான் ஆம்ப் கொண்டுவருவதாகச் சொன்னால், அதன் பின்புறத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 100 முதல் 240 வோல்ட் என்று இருந்தால் சரி. 120 மட்டும் என்றால் தனியாக ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். இறக்கிவைத்த இரும்பைத் திரும்பச் சுமப்பீர்கள்.

பழுதுபார்ப்பு விஷயத்தில் நான் பழைய ஆம்ப் கட்சி. கெபாசிட்டர், டிரான்சிஸ்டர், பாட் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். சர்க்யூட் படம் கையில் இருந்தால் ஊரில் ஆம்ப்ளிஃபயர் பார்க்கும் நல்ல மெக்கானிக்கே சரிசெய்துவிடுவார். கிளாஸ் டி போர்டில் பாகங்கள் அரிசிமணியைவிடச் சிறியவை. போனால் பெரும்பாலும் மாட்யூலையே மாற்ற வேண்டியிருக்கும். எனவே இளைத்த ஹெட் வாங்கினால் இந்தியாவில் வாரண்டியும் சர்வீஸும் உள்ள பிராண்டாகப் பாருங்கள். ஹெட்டே கைவிட்டால் நேராக மிக்சருக்குப் போக ஒரு டி.ஐ. பாக்ஸும் பையில் இருக்கட்டும்.

கடையில் சோதிக்கும்போது உங்கள் பேஸையே கொண்டுபோங்கள். தனியாக வாசித்தால் எல்லா ஆம்பும் நன்றாகத்தான் இருக்கும். முடிந்தால் ஒரு டிரம்மரையும் கூட்டிப்போய், 'இளைய நிலா' போல பேஸ் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு பாட்டை மேடைச் சத்தத்தில் வாசியுங்கள். ஒவ்வொரு ஸ்வரமும் பிரிந்து கேட்கிறதா, அடிக்கம்பியில் பெட்டி திணறுகிறதா, ஆம்புக்குள் இருக்கும் பேனின் சத்தம் உறுத்துகிறதா என்று பாருங்கள். பிறகு ஆம்பைத் தூக்கிக்கொண்டு கடையின் மாடிப்படியில் ஒருமுறை ஏறி இறங்குங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

நான் தேர்ந்தெடுப்பதானால், அலைகிறவருக்கு இளைத்த ஹெட், தலா 15 கிலோ அளவில் 8 ஓம் பெட்டிகள் இரண்டு. பெங்களூரு பப்புக்கு ஒன்று போதும். அங்கே ஹாலுக்கான சத்தம் லைன் அவுட் வழியாக மிக்சருக்குப் போய்விடும், பெட்டி உங்கள் காதுக்கு மட்டும். திறந்தவெளித் திருவிழாவுக்கு இரண்டும். தேவாலயத்துக்கோ ஒத்திகை அறைக்கோ என்றால், நல்ல நிலையில் உள்ள பழைய கனத்த காம்போவைப் பாதி விலைக்குத் தேடுங்கள்.

பெங்களூருவில் வாங்கினால் ஜிஎஸ்டி பில்லை வாங்கி வாரண்டி கார்டில் முத்திரை போடச் சொல்லுங்கள். மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் மாநில எல்லை கடக்க ஈ-வே பில் வேண்டும். ஜூஜூவாடி வந்தபிறகு அதைத் தேடுவதைவிடக் கடையிலேயே எடுத்துவிடுவது நல்லது.