பேரனைத் தூக்கலாமா?

இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெரியவர்கள், மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொண்ட பின்னும் எழாமல் சற்றுத் தயங்குவதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். பிறகு மெல்லக் கேட்பார்கள்: "டாக்டர், பேரனை இனிமேல் தூக்கலாமா?" உணவைப் பற்றிக் கேட்கும்போது இல்லாத கலக்கம் அக்குரலில் இருக்கும். அக்கேள்விக்கு உரிய விடையைக் காண்போம்.

மனம் இளமையாவது ஏன்?

குழந்தைகளோடு இருக்கும்போது வயதே மறந்துபோகிறது என்று பலர் கூறுவர். இது வெறும் பேச்சன்று. குழந்தை நம்மை எழுந்து நடக்கச் செய்கிறது. ஓயாத கேள்விகளால் பழைய நினைவுகளைக் கிளறுகிறது. வாய்விட்டுச் சிரிக்க வைக்கிறது. உடலியக்கம், மூளைக்கு வேலை, மனித உறவு ஆகிய மூன்றும் ஒருசேரக் கிடைக்கின்றன. முதுமையில் உடலையும் நினைவாற்றலையும் பேண நாங்கள் வலியுறுத்துபவையும் இவையே.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், 60 வயதைக் கடந்தோர் வாரம் 15 மணி நேரம் தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்று சிறுவர்களுக்குப் படிக்க உதவினர். அவர்களை ஆராய்ந்தபோது உடலியக்கமும், ஆபத்துக்கு உதவக்கூடியவர்கள் உண்டு என்ற உணர்வும் கூடியிருந்தன.

அளவும் முக்கியம்

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 57 முதல் 68 வயது வரையுள்ள பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. வாரத்தில் ஒரு நாள் பேரக்குழந்தைகளைக் கவனித்துக்கொண்ட பாட்டிமார் சில நினைவாற்றல் சோதனைகளில் சிறந்து விளங்கினர். ஐந்து நாட்களோ அதற்கு மேலோ கவனித்தவர்கள் ஒரு சோதனையில் பின்தங்கினர். சிறிய ஆய்வுதான், எனினும் எங்கள் அனுபவமும் இதனோடு ஒத்துப்போகிறது. வேலைக்குச் செல்லும் மகளுக்குச் சுமையாகிவிடக் கூடாதென்று மூச்சிரைப்பையும் நெஞ்சுவலியையும் மறைத்து, நாள் முழுதும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாய்மார்கள் தாமதமாகவே எங்களிடம் வருகிறார்கள். குடும்பத்தினர் அவர்களுக்கு ஓய்வு நேரத்தையும் விடுமுறை நாளையும் ஒதுக்கித் தர வேண்டுகிறோம்.

கவனிக்க வேண்டியவை

மனம் இருபதுக்குத் திரும்பினாலும் முழங்கால் அறுபத்தைந்திலேயே நிற்கிறது. ஆகவே:

• பைபாஸ் சிகிச்சைக்குப் பின் மார்பெலும்பு கூடுவதற்குப் பொதுவாக 6 முதல் 12 வாரங்கள் ஆகும். ஒரு வயதுக் குழந்தையின் எடையோ ஏறத்தாழ 9 கிலோ. அறுவைச் சிகிச்சை நிபுணர் அனுமதிக்கும் வரை தூக்க வேண்டாம், அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள்.

• மூட்டுவலியோ எலும்புத் தேய்மானமோ உள்ளவர்கள் தரையில் அமராமல், கைப்பிடியுள்ள நாற்காலியில் அமர்ந்து விளையாடலாம்.

• இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு ஓடியாடும் விளையாட்டும் உடற்பயிற்சியே. நடுக்கமோ வியர்வையோ தோன்றினால் உடனே நிறுத்தி, சர்க்கரை கலந்த பானம் அருந்துங்கள்.

• குழந்தைக்குக் காய்ச்சலோ இருமலோ இருந்தால் குணமாகும் வரை சற்று விலகியிருங்கள். ஆண்டுதோறும் போடும் இன்ஃப்ளுயன்ஸா தடுப்பூசி பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

• உங்கள் மாத்திரைகளை எட்டாத உயரத்தில், பூட்டி வையுங்கள். சில வகைச் சர்க்கரை நோய் மாத்திரைகளில் ஒன்றை விழுங்கினாலே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து நேரலாம்.

எதை விளையாடலாம்?

பல்லாங்குழி மிகப் பொருத்தமானது. பதினான்கு குழிகளில் காய்களை எண்ணிப் போடுவதும், அடுத்த ஆட்டத்தை மனத்தில் கணக்கிடுவதும் தாத்தாவுக்கும் பேத்திக்கும் ஒருங்கே பயிற்சி. ஆனால் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கைக்குப் புளியங்கொட்டையும் சோழியும் எட்டக் கூடாது. தொண்டையில் சிக்கி மூச்சை அடைத்துவிடும்.

முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம். பேரனைத் தூக்கச் சில வாரங்கள் பொறுத்திருங்கள். பக்கத்தில் அமர்த்திக் கதை சொல்வதற்கோ, அவன் சொல்லும் கதையைக் கேட்பதற்கோ ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டியதில்லை. வீடு திரும்பும் இன்று மாலையே தொடங்கலாம். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, தூக்கலாமா என்பதை மறவாமல் மீண்டும் கேளுங்கள்.